இல்லாத லூஸ் கான்டாக்ட்

சாமி,

இந்தக் கவரை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். சுகன்யா முதலில் எடுத்துப் படித்தாலும் சரி, உன்னோடு தங்கியிருப்பவர்கள் படித்தாலும் சரி, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மூன்று வருடம் மூடி வைத்துத்தான் இவ்வளவு கெட்டுப் போனது. போனில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் நான்கு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்ததும் "சாப்பிட்டியா சாமி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். லாரிக்காரர்களிடம் நாள் முழுக்கக் கத்துகிற இந்த வாய்க்கு, பெற்ற மகனிடம் ஒரு உண்மையைச் சொல்லத் துப்பில்லை. அதனால் எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

போன வாரம் சுகன்யா போன் செய்தாள். நான் ஒர்க்‌ஷாப்பில் ஒரு டேங்கர் லாரிக்கு அடியில் படுத்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவதைப் பற்றிக் கேட்டாள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள், கேட்க வந்தது அதெல்லாம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. "மாமா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?" என்றாள். "சொல்லு கண்ணு" என்றேன். "அவரு கல்யாணத்துல இணைச்சீரே வேண்டாங்கறாருங்க. உங்க அண்ணன் பொண்ணு நிக்கட்டும்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாரு. அன்னைக்கு எங்க ஊட்ல அயர்ன் பாக்ஸ் ஒயரு அந்து போச்சுங்க. எலக்ட்ரானிக்ஸ் படிச்சவராச்சே, கொஞ்சம் பாருங்கன்னேன். ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லீங்க மாமா. 'என்ற கைராசி உனக்குத் தெரியாது, நான் செஞ்சு குடுத்தது எதுவும் உருப்படாது, இந்தக் கையில தாலி கட்டறதுக்கே பயமா இருக்குது'ன்னு சொல்றாரு. சிரிச்சுட்டேதான் சொன்னாருங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை." போனை வைத்த பிறகும் லாரிக்கு அடியிலேயே கிடந்தேன். வேலை நடக்கிறது என்று வெளியே நின்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சுகன்யாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இணைச்சீர் சடங்கில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உடன்பிறந்தவள் இருக்க வேண்டும். உனக்கு அப்படி இருந்தவள் நம் தாரணி. பதினேழு வயதில் அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் கூட்டிப் போவேன். நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு தடித்த ஊசி குத்தியிருக்கும், அந்தக் கையை அசைக்கக் கூடாது. போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு விளையாடினால் நழுவி நழுவி மார்பின் மேல் விழும். நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவள் வலது கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து எடுத்துக்கொண்டு போனாய். "ஜாக்கெட்டா தைக்கப் போற?" என்று அவள் கேலி செய்தாள். அடுத்த மாதம் நீ கொண்டு வந்தது அந்தப் பெட்டி. உள்ளங்கை அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் போர்டு, சின்னத் திரை, பேட்டரி, ஒரு மெமரி கார்டு. உன் சின்ன வயதில் டி.வி.யில் மாட்டி ஆடிய பழைய விளையாட்டுகளெல்லாம் அதற்குள் இருந்தன. கடையில் விற்பதற்கு இரண்டு பக்கமும் பட்டன் இருக்கும். நீ எல்லாப் பட்டனையும் வலது பக்கமே வைத்திருந்தாய். அவள் விரல் எங்கே எட்டுமோ அங்கே.

அதில் ஒரு விவசாய விளையாட்டைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். உழுது, விதைத்து, கோழி வளர்த்து, ஒவ்வொரு நாளாகக் கழிக்க வேண்டும். எட்டு மாதத்தில் அவள் அதில் ஏழு வருடம் பண்ணையம் பார்த்திருந்தாள். மாட்டுக்கு உன் அம்மா பெயர், குதிரைக்கு உன் பெயர். நாய்க்கு மட்டும் "அப்பா" என்று வைத்திருந்தாள். "ஏன் பாப்பா, நான் நாயா?" என்று கேட்டேன். "எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்குதுங்கப்பா. ஆனா கோழி ஒண்ணு காணாமப் போனதில்ல, அப்படிப் பாத்துக்குது" என்றாள். பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாள் சிரித்துச் சிரித்து அவருடைய மிஷின் கத்த ஆரம்பித்துவிட்டது.

பெட்டியை எப்படி அணைக்க வேண்டும் என்று நீ எனக்குத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தாய். அவளுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, நான்தான் ஆபத்தான ஆள் என்று உனக்குத் தெரியும். "அப்பா, மொதல்ல ஆட்டத்த சேவ் பண்ணோணும். அப்பறம் மெனுல ஷட்டவுன். இந்தப் பச்சை லைட்டு மினுக்கி மினுக்கி நிக்கும், அது முழுசா அணைஞ்ச பொறகுதான் சைடுல இருக்கற ஸ்விட்ச இழுக்கோணும். ஓடிட்டு இருக்கறப்ப புடுங்குனீங்கன்னா கார்டுல எழுதுனது பாதியில நின்னு மொத்தமும் போயிரும்." எனக்கு விளங்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உடனே நீ, "டர்போ வண்டிய வந்ததும் ஆஃப் பண்ணுவீங்களா? ரெண்டு நிமிஷம் ஐடிலிங் விடறீங்கல்ல, அதேதான்" என்றாய். எவ்வளவு அழகாகச் சொன்னாய்! டர்போ சூட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்போது இன்ஜினை நிறுத்தினால் ஆயில் போகாமல் உள்ளே கருகிவிடும். நிறுத்தின டிரைவர்களை நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். அதனால், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. பெட்டிக்குப் பின்னால் ஒரு சீட்டும் ஒட்டினாய். சேவ், ஷட்டவுன், பச்சை அணைந்த பின் ஸ்விட்ச். அதற்குக் கீழே "அப்பா கவனம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாய்.

என் பைத்தியத்தையும் சுகன்யாவுக்குச் சொல்ல வேண்டும். லாரியில் பேட்டரிக்குப் பக்கத்தில் மொத்தக் கரண்ட்டையும் நிறுத்துகிற கட்-ஆஃப் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கும். வண்டி நின்றால் அதை அடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் பட்டறையில் ஒரு லாரி கட்-ஆஃப் அடிக்காமல் நின்று, ஒயர் உரசி, கேபினோடு எரிந்தது. உள்ளே யாரும் இல்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அதிலிருந்து எனக்கு எதுவும் சும்மா ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டை விட்டுக் கிளம்பினால் மெயின், ஃபேன், மோட்டார், எல்லாவற்றையும் அடித்துவிட்டுத்தான் செருப்புப் போடுவேன். நீ காலேஜில் கடைசி வருடம் புராஜெக்ட் எழுதிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் பிளக்கை இரண்டு முறை பிடுங்கியிருக்கிறேன். இரண்டாவது முறை நீ அழுதுவிட்டாய். இருபது வயதுப் பையன் இதற்கெல்லாம் அழுகிறானே என்று நான் சிரித்தேன். அன்றைக்கே எனக்கு ஒருவர் கன்னத்தில் அறைந்து சொல்லியிருக்க வேண்டும்.

இனி உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். என் கிட்னி அவளுக்கு ஆகாது, எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அம்மாவுக்கு ரத்தம் சேரவில்லை என்பதெல்லாம் உனக்குத் தெரியும். டாக்டர் அதை எந்த நாளில் சொன்னார் என்பது தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை, அவளுக்கு மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், நல்ல மனுஷர். நான் மாடிப்படியில் இறங்கி வரும்போது என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். தின்ற இனிப்பு, குடித்த டீ, உட்கார்ந்த ஓட்டல் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வார்டுக்குள் வந்தேன். ஊசியெல்லாம் எடுத்துக் கட்டுப் போட்டாயிற்று. அவள் கட்டிலில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, எந்திரி" என்றேன். தலையைத் தூக்காமல், "ரெண்டே நிமிஷங்கப்பா, அறுவடை முடிஞ்சுது, சேவ் பண்ணிக்கறேன்" என்றாள். "உனக்கு எப்பப் பாத்தாலும் இதே பொழப்பு" என்று கத்தி, அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி, சைடு ஸ்விட்சை இழுத்துவிட்டேன். பச்சை விளக்கு அப்போது மினுக்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன் சாமி. பார்த்துக்கொண்டேதான் இழுத்தேன்.

அவள் அழவில்லை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். வியாழக்கிழமை மிஷினில் படுத்ததும் பெட்டியைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக நாலு வரி வந்து அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாள், மறுபடி நாலு வரி. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாய் இருந்தும் கோழியெல்லாம் போச்சுங்கப்பா" என்றாள். என்ன நினைத்தாளோ, என் முகத்தைப் பார்த்து, "அண்ணங்கிட்ட தானா நின்னுருச்சுன்னு சொல்லிக்கறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க. அவன் உங்கள உண்டு இல்லைன்னு பண்ணிருவான்" என்றாள். படுத்துக் கிடந்தவள் என்னைக் காப்பாற்றினாள். நான் தலையை ஆட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். தானாக நின்றது என்றால் எங்கோ லூஸ் கான்டாக்ட் இருக்க வேண்டும் என்று சொல்லி, சாப்பிடாமல்கூடப் பெட்டியைப் பிரித்து உட்கார்ந்தாய். ஒவ்வொரு ஒயராக ஆட்டிப் பார்த்தாய். சால்டரிங் வைத்த இடத்தையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்தாய். சரியாக இருந்ததைக்கூட உருக்கி மறுபடி வைத்தாய். பேட்டரியிலிருந்து வரும் லைனில்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். இல்லாத லூஸ் கான்டாக்டை நீ காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தேடினாய். பக்கத்தில் நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். "கொஞ்சம் எடது பக்கம் காட்டுங்கப்பா" என்றாய், காட்டினேன். முப்பது வருடமாக ஒயரிங் பார்க்கிறவன், இங்கே பழுதே இல்லை என்று தெரிந்தவன், டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நீ, "வேற கார்டு போட்டுத் தர்றேன் பாப்பா, ஆனா ஆட்டம் மொதல்ல இருந்துதான் வரும்" என்றாய். "மொதல்ல இருந்தா? ஏழு வருஷம்ண்ணா. இனி என்னால ஆகாது, வெச்சிரு" என்றாள். பழைய கார்டை மறுபடி உள்ளேயே செருகி, நாலு ஸ்க்ரூவையும் முடுக்கி, பீரோவில் வைத்தாய்.

அதற்குப் பிறகு அவள் மூன்று முறைதான் சேலத்துக்குப் போனாள். முந்தின வியாழனையும் சனியையும் சேர்த்தால் ஐந்து முறை. ஐந்து நான்கு இருபது மணி நேரம் அந்தக் கட்டிலில் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் பக்கத்து ஸ்டூலில். வலது கை மட்டும் சில நேரம் போர்வைக்கு மேல் பட்டன் அழுத்துகிற மாதிரி அசையும். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கடைசிச் சனிக்கிழமை குளிர் காய்ச்சல் வந்தது, ஞாயிறு மத்தியானம் போய்விட்டாள். நீ பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சுடுகாட்டில் உன் சித்தப்பாவிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. "ஒரே ஒரு பொட்டிதானுங்க சித்தப்பா. அதக்கூட கடைசி வரைக்கும் ஓடற மாதிரி செஞ்சு குடுக்கத் தெரியல. என்ற கைராசி அப்படி." நான் ஐந்தடி தள்ளி நின்றேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நெருப்பு வைக்க வேண்டிய நேரம் என்று யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம்தான். பெண் போய்விட்டாள், உண்மை தெரிந்தால் நீயும் போய்விடுவாய் என்ற பயம். நீ என்னோடு இரண்டு வார்த்தையாவது பேசிக்கொண்டிருந்தாய், அது போய்விடக் கூடாது என்று பார்த்தேன். அப்புறம் நீ உன் சால்டரிங் அயர்னை யாரோ சிநேகிதனுக்குக் கொடுத்தாய். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, நாள் முழுக்கப் பேப்பர் பார்க்கிற வேறு வேலைக்குப் போனாய். தங்கை போன துக்கம், நாளாவட்டத்தில் சரியாகும் என்று உன் அம்மாவிடம் நானே சொன்னேன். எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் அது. என் தப்பை உன் தலையில் ஏற்றிவிட்டு, நீ சுமப்பதைப் பார்த்துக்கொண்டு மூன்று வருடம் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். கிட்னி கொடுக்க முடியாதது என் கையில் இல்லை. இது என் கையில்தான் இருந்தது.

இன்று காலையில் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் உருவுவதை நிறுத்தவில்லை. முழுக் கட்டையும் முடித்துவிட்டு, "பாப்பா ஒரு வாய் தண்ணி சேத்திக் கேட்டப்பவும் நீங்க இப்படித்தானுங்க கத்துனீங்க" என்றாள். டாக்டர் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தார், அதனால்தான் கத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மத்தியானம் சோறு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை. அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று நீ போன் செய்ய வேண்டாம். இது எனக்கு வர வேண்டியதுதான்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்ன யோக்கியதை இருக்கிறது எனக்கு. ஆனாலும் பட்டதால் சொல்கிறேன். வெளியே வாங்கிய கோபத்தை வெளியே இறக்கிவிட்டு வீட்டுக்குள் வா. சுகன்யா ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது ரெண்டு நிமிஷம் என்று கேட்டால், நின்று அந்த ரெண்டு நிமிஷத்தைக் கொடு. கத்திவிட்டால் அன்றைக்கே போய்த் தப்பு என்று சொல்லிவிடு, மறுநாளுக்கு வைக்காதே. எனக்கு அந்த பஸ்ஸில் இரண்டு மணி நேரம் இருந்தது, அவள் என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். இணைச்சீரை நிறுத்தாதே. பெரியப்பா மகள் நிற்கட்டும். உன்மேல் தாரணிக்கு ஒரு குறையும் இல்லை, அவளுக்குக் குறை இருந்தால் என்மேல்தான் இருந்திருக்கும், அதையும் சொல்லாமல் போய்விட்டாள். முகூர்த்தத்துக்கு நான் வரக் கூடாது என்று நீ சொன்னால் வர மாட்டேன். சம்பந்தி வீட்டில் நானே ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். உன் பெயர் கெடாது.

சுகன்யா பேசிய மறுநாள் பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்தேன். கார்டைக் கழற்றி, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மெமரி கார்டு பார்க்கிற ஒரு பாய் கடைக்குக் கொண்டு போனேன். ஏழு வருடப் பண்ணையத்தில் ஏதாவது ஒரு மூலையாவது மிஞ்சியிருக்காதா என்று ஆசை. அரை நாள் போராடிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தேறலண்ணே. ஓடிட்டு இருக்கறப்பவே யாரோ கரண்ட்டப் புடுங்கிட்டாங்க" என்றார். அப்புறம் அதே கார்டில் வேறு எதையோ எழுதிப் பார்த்து, "கார்டு நல்ல கார்டு, இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார். கார்டும் உன்னால் கெடவில்லை.

வீட்டுக்கு வந்து நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்தம் அறுபத்து நான்கு இடத்தில் நீ ஈயம் வைத்திருக்கிறாய். ஒவ்வொன்றிலும் முனையை வைத்துப் பார்த்தேன். இணைப்பு சரியாக இருந்தால் மீட்டர் கத்தும், அறுபத்து நான்கும் பீப் என்றது. ஆட்டினேன், இழுத்தேன், நகத்தால் நெம்பினேன். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன், போர்டுக்கு வர வேண்டிய ஐந்து வோல்ட் சுத்தமாக வருகிறது. மற்றவர்கள் வேலையில் குறை கண்டுபிடித்தே முப்பது வருடம் சோறு தின்றவன் நான். உன் வேலையில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "அப்பா கவனம்" என்ற சீட்டுகூட இன்னும் உரியவில்லை. பெட்டியைத் திறந்தபடியே மேசைமேல் வைத்திருக்கிறேன், மீட்டர் பக்கத்தில் இருக்கிறது. என் பேச்சை இனி நீ நம்ப வேண்டியதில்லை. வந்து உன் கையாலேயே ஒவ்வொன்றாக வைத்துப் பார், சாமி.

அப்பா